இயக்குநர் அறையில் ஒரு தகடு

வல்லம் வடகாலில், கார்க் கண்ணாடி செய்யும் ஆலைக்கும் பிரேக் கட்டை செய்யும் ஆலைக்கும் நடுவில், ஒன்றுமே செய்யாத ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் பெயர் தென்மண்டல ஆற்றல் சேமிப்பு உயராய்வு நிலையம். பக்கத்து ஆலைகளில் ஷிப்டு மாறும்போது சங்கு ஊதும். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களைக் கொட்டிவிட்டு வேறு ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். உயராய்வு நிலையத்தில் அந்தப் பதற்றமெல்லாம் கிடையாது. இங்கே ஆற்றலைச் சேமிக்கிறார்கள். காலையில் வந்ததிலிருந்து மாலையில் கிளம்பும் வரை பெரும்பாலானவர்கள் சேமித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

இதன் இயக்குநர் முனைவர் இளம்பரிதி. அவருடைய அப்பா பழுத்த பகுத்தறிவாளர். மகனுக்குப் பார்த்துப் பார்த்துத் தமிழ்ப் பெயர் வைத்தார். பகுத்தறிவு பெயரோடு நின்றுவிட்டது. வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களைக் கூட்டி உட்காரவைத்து அவர் ஒரு வரவேற்புரை ஆற்றுவார். "நான் ஆராய்ச்சி செய்வதில்லை. ஆராய்ச்சி நடக்க அனுமதி கொடுக்கிறேன். என் அனுமதி இல்லாமல் இந்த வளாகத்தில் ஓர் அணுவும் அசையாது. அசைந்தால் அது என்னால்தான் அசைந்தது" என்பார். புதியவர்கள் இதைத் தத்துவம் என்று நினைத்துக் கைதட்டுவார்கள். முதல் ஆய்வுக் கட்டுரை அச்சாகி, அதில் இயக்குநர் பெயர் முதலிலும் தங்கள் பெயர் நன்றியுரையிலும் வரும்போதுதான் அது தத்துவம் அல்ல, நடைமுறை என்று புரியும்.

செல்வலட்சுமிக்கும் அப்படித்தான் புரிந்தது. நாங்குநேரிக்குப் பக்கத்து ஊர்க்காரி. கொரியாவில் ஆராய்ச்சி செய்துவிட்டு, நம் ஊரில் செய்வோம் என்று திரும்பி வந்த முட்டாள்தனத்துக்குத் தண்டனையாக, மூன்று வருடமாக இங்கே ஒப்பந்த விஞ்ஞானி. ஒரகடத்தில் ஆலைப் பெண்கள் தங்கும் விடுதியில் மாடி அறை. கோபம் வந்தால் கத்த மாட்டாள், நிறையச் சாப்பிடுவாள். சமீப காலமாக விடுதிச் சமையற்காரி அவளுக்கென்று தனியாக அரிசி போடவேண்டியிருந்தது.

அவள் செய்துகொண்டிருந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. டைட்டானியமும் கார்பனும் அலுமினியமும் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும் ஒரு சாம்பல் நிறப் பொடி. அதை அமிலத்தில் போட்டால் அலுமினியம் மட்டும் கரைந்து வெளியேறும். மிஞ்சிய அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவி, ஐந்தே அணு கனமுள்ள ஏடுகளாகத் தண்ணீரில் மிதக்கும். நீளம் உண்டு, அகலம் உண்டு, கனம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதனால் இருபரிமாணப் பொருள் என்பார்கள். அந்தக் கரிய குழம்பைச் செப்புத் தாளில் பூசிக் காயவைத்து மின்கலத்தில் வைத்தால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கார் மின்னேறிவிடும். உலகம் முழுக்கப் பலரும் இதைச் செய்துபார்க்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே தலைவலி: காற்றுப் பட்டால் ஏடு வெளுத்துச் சக்தி போய்விடும். செல்வலட்சுமியின் ஏடு வெளுக்கவில்லை. திறந்து வைத்தாலும் வெளுக்கவில்லை. அந்த வித்தையைக் கண்டுபிடித்தது அவள் ஒருத்தி.

ஒரகடத்தில் ஒரு கார்க் கம்பெனி இதைக் கேள்விப்பட்டு, வாங்கிக்கொள்கிறோம் என்று வந்தது. கம்பெனியின் காப்புரிமை வழக்கறிஞர் ப்ரீதி, கண்டுபிடித்தவர் யார், யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டார். "நான் ஒருவனே" என்று இளம்பரிதி பதில் அனுப்பினார். செல்வலட்சுமியின் பெயரைக் குறிப்புகளிலிருந்தும், பூசிக் காய்ந்த செப்புத் தாளை உருட்டிவைத்த மாதிரிச் சுருளின் மேல் ஒட்டியிருந்த சீட்டிலிருந்தும் எடுக்கச் சொன்னார். அவள் இரண்டு மாதம் இழைத்துச் செய்த செப்புச் சுருளைத் தானே வாங்கிக்கொண்டுபோய்த் தன் மேசையின் அடி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். கண்டுபிடிப்பைக் கம்பெனிக்குக் கொடுக்கும் கைமாற்ற விழா முடிந்ததும் அவளுடைய ஒப்பந்தமும் முடியும், புதுப்பிக்கப்படாது.

அவள் போய்க் கேட்டாள். இயக்குநர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

"கல்யாணப் பத்திரிகைல சமையல்காரர் பேரையாம்மா போடுறோம்? நீங்க கை. கைக்குக் காப்புரிமை கிடையாது."

அவள் விடுதிக்குப் போய் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள். பெயர் போனால் மூன்று வருடமும் போனது. இந்த ஆளை அடிக்க முடியாது, திட்ட முடியாது, வழக்குப் போட்டால் அவள் பேத்தி காலத்தில்தான் தீர்ப்பு வரும். என்ன செய்வதென்று தெரியாமல்தான் அன்று தூங்கினாள். வழி காட்டியது மொழிப்பிரிவு.

உயராய்வு நிலையத்தில் மொழிப்பிரிவு என்று ஒன்று உண்டு. எல்லா அறிக்கைகளும் தமிழிலும் இருக்கவேண்டும் என்று மேலிட உத்தரவு. செல்வலட்சுமி தன் அறிக்கையை நல்ல தமிழிலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். மொழிப்பிரிவு அதிகாரி மணிகண்டபிரபு அதைத் திருத்தினார். ஏடு என்றால் பாலேடு, நாளேடு. ஆராய்ச்சி நிலையத்துக்குப் பால் வியாபாரமா, பத்திரிகை வியாபாரமா என்று கேட்டு, ஏடு வந்த இடமெல்லாம் தகடு என்று மாற்றினார். செப்புத் தாளும் செப்புத் தகடு ஆனது. குழம்பு என்பது சாப்பாட்டுச் சொல் என்று அடித்துவிட்டு மை என்று போட்டார். மின்னழுத்தம் கொடுத்தால் என்பது அவருக்குச் சப்பென்று இருந்தது. ஏவினால் என்று எழுதினார். மேசையின் அடி இழுப்பறையில் என்பதை மேசைக்கு அடியில் என்று சுருக்கினார். மணிகண்டபிரபுவுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் படிப்பது அவர் வேலை இல்லை.

இயக்குநரும் படிக்கிற வழக்கமில்லாதவர்தான். ஆனால் கைமாற்ற விழாவுக்குத் தில்லியிலிருந்து செயலர் வருகிறார், உரை தமிழில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பயிற்சிக்காக அறிக்கையை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"செப்புத் தகட்டில் மை தடவி, இருளில் உலர்த்தி, உருட்டிக் கட்டி, இயக்குநரின் மேசைக்கு அடியில் வைக்கப்பட்டுள்ளது. ஏவினால் நொடியில் வேலை செய்யும். எத்தனை முறை ஏவினாலும் இதன் சக்தி குறைவதில்லை."

அவருடைய குரல் பாதியில் நின்றது. இருமுறை மௌனமாகப் படித்தார். பிறகு கால்கள் இரண்டையும் மேசைக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே எடுத்துக்கொண்டார்.

சுருள் இழுப்பறைக்கு வந்த பிறகு நடந்ததெல்லாம் அவருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. சுங்கச் சாவடியில் தடுப்புக் கட்டை அவர் கார் மேல் இறங்கியது. கடைவாய்ப் பல்லில் வலி. மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய பதவி நீட்டிப்புக் கோப்பு தில்லியில் ஒரு மேசையில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மறுத்தது. தகட்டை அவர் கையாலேயே அவர் காலடியில் வைக்கவைத்துவிட்டு, அதை அறிக்கையிலும் எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டாளே என்று அவருக்கு ஒரு பக்கம் பிரமிப்பாகக்கூட இருந்தது.

மறுநாள் அறை கூட்ட வந்த அம்சவல்லி, ஆய்வகத்துக்கு வந்து செல்வலட்சுமியிடம் சொன்னாள். அம்சவல்லி பிள்ளைப்பாக்கத்துக்காரி, நிலையத்தில் நடக்கும் உண்மையான செய்திகள் அவள் மூலமாகத்தான் பரவும்.

"மேடம், டைரக்டர் சார் ரூமுல நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வச்சிகினு கீறாரு. நாற்காலில குந்தாம நின்னுகினே கையெழுத்துப் போடுறாரு. இன்னா மேடம், புது ஆராய்ச்சியா?"

செல்வலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று மதியமே இயக்குநர் அவளை அழைத்தார். மேசையிலிருந்து எட்டு அடி தள்ளி, ஜன்னலோரம் நின்றிருந்தார். அவளையும் மேசைப் பக்கம் போகவேண்டாம் என்றார். அந்தச் சுருள் எவ்வளவு காலம் வேலை செய்யும் என்று கேட்டார். மூன்று வருடத்தில் அவர் கேட்ட முதல் அறிவியல் கேள்வி அது. அவள் உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள்.

"பத்தாயிரம் தடவை ஏத்தி இறக்கிப் பாத்தாச்சு சார். கொஞ்சங்கூடச் சக்தி குறையல."

"எடுத்து வெளில வச்சுட்டா?"

"மத்தவங்க செஞ்சதுன்னா காத்துப் பட்டதும் போயிரும். நான் செஞ்சது போகாது. அதுக்குத்தான சார் ராத்திரி பகலா உக்காந்தேன்."

இயக்குநர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். சட்டைக் கை விலகியபோது மணிக்கட்டில் புத்தம் புதிதாக ஒரு கறுப்புக் கயிறு தெரிந்தது. சட்டைப் பை எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. ஜன்னல் திட்டில் அறிக்கை திறந்து கிடந்தது. தகடு, மை என்ற சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடு. செல்வலட்சுமி எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இல்லை சார், அது வேறு, இது வேறு என்று சொல்ல வாய் திறந்தவள், கைக்குக் காப்புரிமை கிடையாது என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. உண்மையை மட்டும் தேர்ந்தெடுத்துச் சொன்னாள்.

"யாரை நெனச்சும்மா செஞ்சீங்க?" என்று இயக்குநர் கிட்டத்தட்ட ரகசியமாகக் கேட்டார்.

"இப்பல்லாம் உங்கள நெனச்சுத்தான் சார். வேற நெனப்பே இல்ல."

"அதுல என் பேரு இருக்கா?"

"உங்க பேரு மட்டுந்தான் சார் இருக்கு. நீங்கதான என் பேர எடுக்கச் சொன்னீங்க."

இயக்குநர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவளை அனுப்பிவிட்டு நிர்வாக அலுவலர் தோத்தாத்ரியைக் கூப்பிட்டார்.

தோத்தாத்ரி ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருக்காரர். காலையில் கோயில் கைங்கரியத்தை முடித்துக்கொண்டு அலுவலகம் வருவார். அவருக்குத் தகட்டின் மேல் நம்பிக்கை கிடையாது. விதிகளின் மேல் உண்டு. இயக்குநர் தடுமாறிச் சொன்னதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார்.

"எதுவும் பண்ணலாம் சார். எந்தத் தலைப்புல பண்றோம்கறதுதான் விஷயம்" என்றார்.

மாலைக்குள் தலைப்பு தயாராகிவிட்டது: எதிர்மறை ஆற்றல் தணிக்கை. ஆற்றல் சேமிப்பு நிலையத்தில் ஆற்றலைத் தணிக்கை செய்வதை எவன் கேட்கமுடியும்? தணிக்கையாளர் தகுதிகளில், முன் அனுபவம், வரிப் பதிவு, நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் வசிப்பிடம் என்று போட்டிருந்தார்கள். பிள்ளைப்பாக்கம் ஐயனார் ஒருவருக்குத்தான் மூன்றும் இருந்தன.

ஐயனார் அம்சவல்லியின் கொழுந்தன். மனைத் தரகர், அமாவாசை, பௌர்ணமிகளில் தகடு எடுப்பார். தொழிற்பேட்டை வந்து நிலம் விலை ஏறியபோது அண்ணன் தம்பி பங்குத் தகராறும் ஏறியது. தகராறு ஏறியபோது தகடும் ஏறியது. ஒரு வீட்டில் தகட்டை எடுத்துவிட்டு, அந்த மனையையும் அவரே விற்றுக் கொடுப்பார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விசிட்டிங் கார்டு.

அவரைத் தேர்ந்தெடுத்த செய்தி கேட்டதும் செல்வலட்சுமி அம்சவல்லியைக் கூட்டிக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போனாள். இது சரியா தவறா என்று வழியில் ஒருமுறை யோசித்துப் பார்த்தாள். சரி என்றே பட்டது. அறிவியல் படித்தவள் இப்படிச் செய்யலாமா என்று அவளுக்குக் கூச்சம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. அறிவியலை வைத்து அந்த ஆளிடம் மூன்று வருடம் பேசிப் பார்த்தாயிற்று.

ஐயனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மெய்யாலுமே வச்சிகிறியா மேடம்?" என்றார்.

"வச்சது அவருதான் அண்ணே. நான் செஞ்சத அவரே கொண்டுபோயி அவரு மேசையில வச்சுக்கிட்டாரு."

ஐயனார் வெகுநேரம் சிரித்தார். பரிகாரம் இன்னது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். எந்தப் பரிகாரமானாலும் தனக்கு ஒன்றுதான் என்று அவர் சொல்லிவிட்டார்.

தணிக்கை நடந்த வாரத்தில்தான் நிலையத்தில் அறிவியல் மனப்பான்மை வாரமும் நடந்தது. காலையில் இளம்பரிதி மேடையேறி, மூடநம்பிக்கையை இந்த மண்ணிலிருந்து வேரோடு பிடுங்கி எறிவோம் என்று முழங்கினார். முழங்கும்போதெல்லாம் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். இறங்கியதும் நேராகத் தன் அறைக்கு ஓடினார். அங்கே ஐயனார் பாதுகாப்பு விதிகளின்படி தலைக்கவசமும் கண்ணாடியும் வெள்ளை அங்கியும் அணிந்து, கையில் உடுக்கையோடு காத்திருந்தார். உடுக்கைக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் இல்லை என்று கருவிப் பிரிவு ஆட்சேபம் தெரிவித்ததால் அதை அடிக்காமல் சும்மா பிடித்துக்கொள்ள மட்டும் அனுமதி. கற்பூரத்துக்குத் தீயணைப்புப் பொறுப்பாளர் ஒப்பவில்லை. ஒரு கைவிளக்கை எரியவிட்டார்கள். கறுப்புக் கோழி வேண்டும் என்றார் ஐயனார். விலங்குகளைப் பயன்படுத்தும் சோதனைக்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், குழு கூட ஆறு மாதமாகும் என்றார் தோத்தாத்ரி. முட்டைக்குக் குழு தேவையில்லை என்பதால் முட்டை வாங்கப்பட்டது. எலுமிச்சம்பழங்கள் சிட்ரிக் அமிலம் என்ற கணக்கில் வந்தன.

இழுப்பறையைத் திறந்து ஐயனார் சுருளைக் கைவிளக்கில் பார்த்தார். செப்பு; அதன்மேல் கரிய மை. சுற்றியிருந்த காகிதத்தில், செப்புத் தாள் செய்த ஆலையின் பெயர் கொரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. வட்டமும் கோடுமாக இருந்த அந்த எழுத்துகளைப் பார்த்ததும் ஐயனாருக்கே ஒரு நிமிடம் சொன்ன பாடம் மறந்துபோயிற்று.

"சார், இது நம்ம பக்கத்து வேல இல்ல. மலையாளமும் இல்ல. இது கொரியா வேல" என்றார்.

இயக்குநர் முனகினார். அவள் கொரியாவில் படித்தவள் என்பது அவருக்குத் தெரியும். இத்தனை நாள் அங்கே என்ன படித்தாள் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

கொரியா வேலையைச் சும்மா தூக்கிப்போட முடியாது என்று ஐயனார் பரிகாரத்தைச் சொன்னார். பெரிய சபை கூடியிருக்கும்போது, செய்தவளின் பெயரையும் ஊரையும் தாயார் பெயரையும் சொல்லி, இது நான் செய்ததல்ல, எனக்கு இதில் பாத்தியதை இல்லை, செய்தவளிடமே போகட்டும் என்று மூன்று முறை உரக்கச் சொல்லவேண்டும். அதன் பிறகு சுருளைத் தொடவே கூடாது.

கைமாற்ற விழாவைவிடப் பெரிய சபை எது? ஆனால் கண்டுபிடிப்பு தன்னுடையது என்று கையெழுத்துப் போடப்போகிற மேடையிலேயே தன்னுடையது இல்லை என்று எப்படிச் சொல்வது என்று இளம்பரிதி தவித்தார். தோத்தாத்ரியிடம் அதற்கும் வழி இருந்தது.

"மேடையில பெரியவா எல்லாரும் இது என் சாதனை இல்லைன்னுதான் சார் ஆரம்பிப்பா. யாராவது நம்பியிருக்காளா? தன்னடக்கம்னு நெனச்சுக் கைதட்டுவா. நீங்க மூணு தடவை அடக்கமா இருங்கோ, அப்புறம் உக்காந்து கையெழுத்துப் போடுங்கோ."

இளம்பரிதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பரிகாரமும் ஆயிற்று, காப்புரிமையும் ஆயிற்று.

விழா அரங்கத்தில் தில்லிச் செயலர், கம்பெனியின் பெரிய அதிகாரிகள், வழக்கறிஞர் ப்ரீதி எல்லாரும் முன்வரிசையில். மூலைக்கு மூலை வீடியோ. செல்வலட்சுமிக்குக் கடைசி வரிசையில், பிஸ்கட் தட்டுகளுக்குப் பக்கத்தில் இடம். இயக்குநர் மேடை நடுவில் நின்று தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே, இது நான் செய்ததல்ல. எனக்கு இதில் எள்ளளவும் பாத்தியதை இல்லை. இதைச் செய்தவள் நாங்குநேரி செல்லம்மாள் மகள் செல்வலட்சுமி."

அரங்கம் கைதட்டியது. ஓர் இயக்குநர் கீழே வேலை செய்யும் பெண்ணின் தாயார் பெயர்வரை தெரிந்துவைத்திருக்கிறாரே என்று செயலர் பக்கத்தில் இருந்தவரிடம் வியந்தார். இரண்டாம் முறை சொன்னபோது கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மூன்றாம் முறை, இதுதான் கடைசி என்ற வேகத்தில், இளம்பரிதி கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கி, "செய்தவளிடமே போகட்டும், செய்தவளிடமே போகட்டும்" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார். இதற்குக் கைதட்டலாமா என்று சபைக்குத் தெரியவில்லை. பாதிப் பேர் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போது மேடைக்கு ஒரு வெள்ளித் தாம்பாளம் வந்தது. தாம்பாளத்தில் பட்டுத் துணி, துணியின் மேல் செப்புச் சுருள். அதை இயக்குநர் தன் கையால் எடுத்துக் கம்பெனித் தலைவரிடம் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. தொடவே கூடாது என்று ஐயனார் சொன்னது தோத்தாத்ரியின் நிகழ்ச்சி நிரலில் ஏறவில்லை. தாம்பாளம் நெருங்க நெருங்க இளம்பரிதி பின்னால் நகர்ந்தார். மேடையின் விளிம்பில் பூந்தொட்டி வந்ததும் நின்றுவிட்டார்.

"எடுத்துட்டுப் போங்க அதை. நான் தொட மாட்டேன்" என்றார். ஒலிவாங்கி அவர் சட்டையில் மாட்டியிருந்தது.

ப்ரீதி எழுந்து மேடைக்கு வந்தார். அவருக்குத் தன்னடக்கமும் தெரியாது, தகடும் தெரியாது. ஒப்பந்தம் மட்டும் தெரியும். பத்து நிமிடத்தில் கையெழுத்தாக வேண்டிய காகிதங்கள் அவர் கையில் இருந்தன.

"சார், ஒண்ணு கிளியர் பண்ணிக்கறேன். இதைக் கண்டுபிடிச்சது நீங்கன்னு போட்டிருக்கு. மூணு தடவை இல்லைன்னு சொல்லிட்டீங்க. எது சரி?"

இளம்பரிதி தாம்பாளத்தைப் பார்த்தார். அது இன்னும் நாலடி தூரத்தில் இருந்தது. ஆமாம், நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் காப்புரிமை அவருக்கு, தகடும் அவருக்கு. பல் வலித்தது.

"என்னோடது இல்லம்மா. சத்தியமா இல்ல. என் பேரே அதுல இருக்கக் கூடாது. இப்பவே அடிச்சிடுங்க."

ப்ரீதி பேனாவை எடுத்து அடித்தார். செல்லம்மாள் மகள் செல்வலட்சுமி என்பவர் அரங்கத்தில் இருக்கிறாரா என்று ஒலிபெருக்கியில் கேட்டார். கடைசி வரிசையிலிருந்து செல்வலட்சுமி எழுந்து நடந்து வந்தாள். எல்லாரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். மேடையேறித் தாம்பாளத்திலிருந்து சுருளை வெறுங்கையால் எடுத்தாள். சீட்டிலிருந்த இயக்குநர் பெயரை நகத்தால் கீறி உரித்தாள்.

"நான்தான் செஞ்சேன்" என்றாள்.

ப்ரீதி நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள். இளம்பரிதி பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, பாரம் இறங்கியவராக, எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

பாரம் இறங்கியது இரண்டு வாரம்தான். தில்லியில் படுத்திருந்த கோப்பு திடீரென்று எழுந்து உட்கார்ந்தது. விழாவின் வீடியோவைப் பதவி நீட்டிப்புக் குழு பார்த்தது. நிலையத்தின் தலைசிறந்த ஆராய்ச்சியில் தனக்கு எள்ளளவும் தொடர்பில்லை என்று இயக்குநரே சபையறிய மும்முறை உறுதி கூறியிருப்பதாலும், அவருடைய வாய்மையில் குழுவுக்கு முழு நம்பிக்கை இருப்பதாலும், பதவி நீட்டிப்பு தேவையில்லை என்று முடிவாயிற்று. கண்டுபிடித்தவர் நிலையத்தில் தொடரவேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. செல்வலட்சுமியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உத்தரவில் தோத்தாத்ரி ஒரு பிழையும் விடவில்லை. தான் செய்த தணிக்கை வெற்றி என்று ஐயனாரும் தம் கார்டில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

கடைசி நாளன்று இளம்பரிதி ஆய்வகத்தின் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. ஆள் இளைத்திருந்தார். மணிக்கட்டில் இப்போது மூன்று கயிறுகள். நீட்டிப்புக் கிடைக்காமல் போனது பரிகாரத்தில் ஏதோ குறை வைத்ததாலா, இல்லை அவள் வேறு எதையாவது வைத்துவிட்டாளா என்று இரவெல்லாம் யோசித்த முகம்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வச்சீங்களா, இல்லையா?"

செல்வலட்சுமி கையுறையைக் கழற்றினாள். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றார். இல்லை சார் என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூட ஆகாது. சொன்னால் அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். பல்லைப் பல் டாக்டரிடம் காட்டுவார்.

"நீங்க விஞ்ஞானி சார். இதையெல்லாம் நம்பலாமா?" என்றாள்.

அவர் முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் வடிந்தது. கேள்வியை வாயில் போட்டு மென்றபடி, சுவரோரமாகவே நடந்து போனார். அவருடைய கார் வெளிவாசலைத் தாண்டி, ஷிப்டு முடிந்து வரும் பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பதை ஜன்னலிலிருந்து அவள் பார்த்தாள். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், பஸ்கள் வெகுநேரம் நகரவில்லை. அவள் போகவில்லை. மனசு குளிர்ந்து போயிருந்தது.